பொய்யிரையின் வரலாறு

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் என்னும் குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் முகப்பில் உள்ள மகர தோரணம் தமிழகத்தின் மிகப் பழைய தோரணங்களுள் ஒன்றாகும். வாயைப் பிளந்த இரு மகரங்களின் வாயிலிருந்து தோரணம் வளைந்து செல்கிறது. பாறையில் கோயில் குடைந்த அதே அரசன் மகேந்திரவாடியில் ஏரியும் வெட்டினான். ஏரி வெட்டியவர்கள் நீரைப் பயிருக்கு விட்டதோடு நிற்கவில்லை. ஏரி மீனைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருவாயைக் கொண்டு ஏரியைப் பேணும் வழக்கமும் தமிழ்நாட்டில் வளர்ந்தது. ஆகவே ஏரி மீனும் அதைப் பிடிக்கும் தூண்டிலும் நம் ஊர்களுக்குப் பழைய உறவினர்.

தூண்டிலின் வயது அதைவிட மிகப் பெரியது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் உள்ள ஒரு குகையில் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆனால் இக்கட்டுரை முள்ளைப் பற்றியதன்று. முள்ளை மறைக்கும் இரையைப் பற்றியது. அதிலும், இரையே அல்லாத இரையாகிய பொய்யிரையைப் பற்றியது.

சங்க இலக்கியத்துள் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு மீன்பிடி காட்சி வருகிறது. தோற்பையில் பச்சை இறைச்சியை வைத்துக்கொண்டு, நீண்ட மூங்கிற் கழியில் கயிறு கட்டி ஒரு பாணன் மீன் பிடிக்கிறான். ஒரு வாளை மீன் இரையைக் கவ்விவிட்டு, முள்ளில் சிக்காமல் வாய் கிழிந்து தப்பிவிடுகிறது. அதன்பின் நீரோரம் நிற்கும் பிரம்பின் நிழல் ஆடினாலும், தூண்டிற் கழி என்று எண்ணி அது வெருள்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதைக் கற்பனை நயத்துக்காக மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்றைய மீனியலார் ‘தூண்டில் அச்சம்’ என்று குறிப்பிடும் நடத்தையை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் பியூகெமா இதையே குளத்தில் சோதித்துப் பார்த்தார். 1970-இல் வெளியான அவருடைய ஆய்வுகளின்படி, ஒருமுறை தூண்டிலில் சிக்கி விடுவிக்கப்பட்ட கெண்டை இனமீன் மறுமுறை எளிதில் அகப்படுவதில்லை. ஒரே அனுபவம் அதற்குப் போதுமான பாடமாகிவிடுகிறது. பைக் என்னும் ஐரோப்பிய வேட்டை மீனிடம் அவர் கண்டது இன்னும் சுவையானது. சுழலும் உலோகப் பொய்யிரையில் ஒருமுறை சிக்கிய பைக் மறுபடியும் அதை எளிதில் தொடவில்லை. உயிருள்ள சிறு மீனை இரையாக வைத்தபோதோ அத்தகைய எச்சரிக்கை காணப்படவில்லை. பைக் மீன் பொய்யைத்தான் நினைவில் வைத்திருந்தது, உணவை வெறுக்கவில்லை.

பொய்யிரையின் வரலாறு முழுவதற்கும் இது ஒரு திறவுகோல் எனலாம். மனிதன் ஒரு பொய்யைச் செய்கிறான். சில காலத்தில் அந்த நீர்நிலையின் மீன்கள் அதைக் கற்றுக்கொள்கின்றன. உடனே புதியதொரு பொய் தேவையாகிறது.

கண்ணை ஏமாற்றிய காலம்

முதற் பொய்கள் யாவும் மீனின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியர் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகைக் கட்டி ஈயைப்போல் செய்து மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவின் ஜூலியோ பியூயல் 1852-இல் கரண்டி வடிவப் பொய்யிரைக்குக் காப்புரிமை பெற்றார். படகில் உண்ணும்போது கைதவறி ஏரியில் விழுந்த கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், கரண்டியின் குழிந்த தகடு நீரில் இழுபடும்போது புரண்டு புரண்டு ஒளிர்வது காயமுற்ற சிறு மீனைப் போலிருக்கும் என்பது உண்மை.

அக்கரண்டி விரைவில் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சென்னை மாகாண சிவில் சர்வீசைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி, 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மஹசீர் என்னும் பெருங்கெண்டையை மலையாறுகளில் பிடிக்கும் முறைகள் அதில் விரிவாக உள்ளன. 1887-இல் அவர் எழுதிய மற்றொரு நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. அது ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே எழுதப்பட்டது. மலைக்குப் போக இயலாத சமவெளி ஊழியர்களும் பக்கத்து ஏரியில் பொழுது போக்கலாமே என்பது அவர் கருத்து. தாமஸ் வெறும் பொழுதுபோக்காளர் அல்லர். ஆற்றில் நஞ்சு கலந்தும் சிறுகண் வலை வீசியும் குஞ்சுகளை அழிப்பதைக் கண்டு, 1870-இலேயே தென் கன்னட மாவட்ட மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளை செதுக்கினார். 1936-இல் பின்லாந்தின் லவுரி ராப்பாலா தக்கையில் மீன் செதுக்கினார். இவை வண்ணத்திலும் அசைவிலும் தேர்ந்தவை. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற உழவர் பத்து கிலோவுக்குச் சற்று மிகுந்த பெருவாய் பாஸ் மீனைப் பிடித்தது இத்தகைய மரப் பொய்யிரையினால்தான். அந்தச் சாதனையை 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் குரிட்டா என்பவர் சமன் செய்தார். அவர் பயன்படுத்தியதோ உயிருள்ள சிறு மீன்! பியூகெமாவின் பைக் மீன்கள் இதைக் கேட்டால் வியப்படையமாட்டா.

பாஸ் என்ற பெயர் தமிழ் வாசகரைக் குழப்பக்கூடும். நம் கழிமுகங்களில் வாழும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் ‘கடல் பாஸ்’ என்பார்கள். சென்னையில் 1987-இல் தொடங்கப்பட்ட உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது இந்தக் கொடுவாவைத்தான். பெருவாய் பாஸ் வேறு குடும்பத்தது. வட அமெரிக்க நன்னீர் மீன். ஜப்பானுக்கு அதை 1925-இல் கொண்டுவந்தார்கள். பிறகு அது அந்நாட்டு மீன்களைத் தின்று பெருகவே, 2005-இல் அதை வளர்ப்பதையும் உயிருடன் கொண்டுசெல்வதையும் சட்டத்தால் தடுக்க வேண்டியதாயிற்று.

வாயை ஏமாற்றிய பிளாஸ்டிக்

மரமும் உலோகமும் கண்ணை ஏமாற்றின. வாயை ஏமாற்ற அவற்றால் முடியவில்லை. பாஸ் மீன் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சடுதியில் அகல விரிக்கிறது. வாய்க்குள் பாயும் நீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. உள்ளே சென்றது கடினமாயிருந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். தூண்டிற்காரன் கையில் அதிர்வு தெரிந்து, அவன் கழியை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு விடை ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தது. ஆக்ரன் ரப்பர் ஆலைகளின் நகரம். அங்கிருந்த குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலார் 1926-இல் ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை தேடிக்கொண்டிருந்தார். அப்போது எவருக்கும் பயன்படாமல் கிடந்த பாலிவினைல் குளோரைடை, அதாவது பி.வி.சி.யை, கொதிநிலை மிகுந்த ஒரு கரைப்பானில் இட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, ஆறியபின் வளையும், நீளும் ஒரு பொருள் கிடைத்தது. பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கரைப்பானின் சிறு மூலக்கூறுகள் புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடமளித்ததே இதன் காரணம். இவ்வாறு புகும் பொருளை இளக்கி என்று கூறலாம். இளக்கி குறைவானால் குழாய். சற்றே கூடினால் மழைக்கோட்டு. மிகக் கூடினால் மண்புழு!

அந்த மண்புழுவைச் செய்தவர் அதே ஆக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி. 1949-இல் அவரும் அவர் மனைவியும் தம் வீட்டுச் சமையலறை அடுப்பில் வினைல் கலவையைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவைக் கொண்டு எடுத்த அச்சில் ஊற்றினார்கள். பி.வி.சி. பொடி இளக்கித் திரவத்தில் கலந்திருக்கும்போது பாலைப்போல் ஓடும். சூடேற்றினால் இரண்டும் ஒன்றாகி, ஆறும்போது அல்வாப் பதத்தில் உறையும். தபால் மூலம் விற்கத் தொடங்கிய அந்தப் புழு சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது.

பி.வி.சி. தமிழகத்துக்கு வந்த வழியும் மீனோடு தொடர்புள்ள ஊர் வழியே என்பது தற்செயலான பொருத்தம். காவிரியில் அணை எழுந்த மேட்டூரில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் அதே குட்ரிச்சின் கூட்டுறவுடன் ஆலை அமைத்து, 1967-இல் பி.வி.சி. உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே உருவானது குழாய்க்கும் கம்பி உறைக்கும் உரிய பொருள்தான். புழு வார்க்க எவரும் நினைக்கவில்லை.

புழுவுக்கு அடுத்த படி குழல். அமெரிக்காவின் மேற்குப் பாலைநில ஏரிகளில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மீனுக்கு ஐயமும் மிகுதி. அங்கே பாபி கார்லண்டு என்பவர் உருவாக்கிய ‘கிட்சிட்’ என்னும் பொய்யிரை 1980-களில் பெயர் பெற்றது. பார்ப்பதற்கு அது எதைப்போலவும் இல்லை. விரல் நீளமுள்ள, உள்ளே வெற்றிடமான மென்மையான குழல். ஒரு முனை மூடியது, மறு முனை மெல்லிய நாடாக்களாகக் கிழிக்கப்பட்டது. வேண்டுமானால் குட்டிக் கணவாய் என்று சொல்லலாம். ஆனால் பாலைநில ஏரியில் கணவாய் ஏது?

குழலின் சிறப்பு அதன் உருவில் இல்லை, அது விழும் முறையில் இருக்கிறது. சில கிராம் எடையுள்ள ஈயக் குண்டோடு வார்த்த முள்ளைத் திறந்த முனை வழியே குழலுக்குள் நுழைத்து, நரம்பு கட்டும் வளையத்தை மட்டும் சுவரைத் துளைத்து வெளியே எடுப்பார்கள். எடை உள்ளே மறைந்துவிடும். நரம்பைத் தளரவிட்டால் குழல் நேரே கீழே போகாது. சுழன்று சுழன்று வட்டமிட்டு இறங்கும். சாகும் சிறு மீன் அப்படித்தான் இறங்குகிறது. உள்ளே சிக்கிய காற்று சிறு குமிழ்களாக வெளியேறும். தரையைத் தொட்டபின் மெல்ல இழுத்தால், பின்னோக்கி ஓடும் நன்னீர்க் கல்லிறாலாகத் தோன்றும். இறங்கும்போதே மீன் வாங்கிவிடுவதால், கையில் அதிர்வு தெரியும் என்று காத்திருப்பவன் ஏமாறுவான். நீர்மட்டத்தில் நரம்பு எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, எதிர்பார்த்த நேரத்துக்கு முன் நின்றுவிட்டாலோ, குழல் மீனின் வாயில் இருக்கிறது என்று பொருள். பாசியும் முட்செடியும் உள்ள இடத்தில் முள்ளின் நுனியைக் குழலின் சுவருக்குள் சொருகி மறைத்துவிடுவர். மீன் அமுக்கும்போது வெற்றுக் குழல் நசுங்கி முள் வெளிப்படும். மென்மையாதலால் மீனும் உடனே துப்புவதில்லை. தூண்டிற்காரனுக்கு ஓரிரு நொடிகள் கிடைக்கின்றன. வாசனை ஏற்றிய பஞ்சைக் குழலுக்குள் அடைப்பதும் உண்டு. மீனின் வாயில் சுவை மொட்டுகள் இருப்பதால் இது வீண் முயற்சியன்று.

விராலும் தவளையும்

நம் ஏரிகளில் பாஸ் இல்லை, விரால் இருக்கிறது. அதுவும் பதுங்கியிருந்து பாயும் வேட்டை மீன்தான். அல்லியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த இடமே அதற்கு விருப்பம். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்து போகும். மண்புழுவும் சிறு மீனும் கெளுத்திக்கும் கெண்டைக்கும் போதும். விராலுக்குத் தவளையே இரை என்பது கிராமத்துச் சிறுவர்களும் அறிந்த செய்தி. இன்று தமிழ்நாட்டு இளைஞர் பலர் உயிர்த் தவளைக்குப் பதிலாக மென்பிளாஸ்டிக் தவளையை இலைகளின்மேல் இழுத்து விரால் பிடிக்கின்றனர். இதுவும் வெற்றுடல் கொண்டதே. இரண்டு முட்கள் அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கியிருக்கும். விரால் கவ்வியதும் தவளை நசுங்கி முட்கள் நிமிரும். பாலைநிலக் குழலுக்கும் நம் ஏரித் தவளைக்கும் தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் விரால் பாய்வதற்குப் பசி மட்டும் காரணமன்று. அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும்போது தாய் தந்தை மீன்கள் அடியில் காவல் இருக்கும். அக்கூட்டத்தின் நடுவே தவளையை இழுத்தால், உண்பதற்காக அல்ல, விரட்டுவதற்காகவே விரால் பாய்ந்து சிக்குகிறது. மிக எளிதான வேட்டை இது. இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவல் போனால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் தின்று தீர்க்கும்.

அமெரிக்காவின் இல்லினாய்சில் ரிட்ஜ் ஏரியில் 1977-இல் தொடங்கி நடந்த ஓர் ஆய்வு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அடிக்கடி தூண்டிலில் சிக்கும் பாஸ் மீன்களையும், சிக்காத மீன்களையும் பிரித்துத் தனித்தனியே மூன்று தலைமுறை இனப்பெருக்கம் செய்வித்தார்கள். சிக்கும் குணம் பரம்பரையாக வருகிறது என்று தெரிந்தது. முடிவு 2009-இல் வெளியாயிற்று. இதே குழுவினரின் ஆராய்ச்சியில், எளிதில் சிக்கும் ஆண் மீன்களே குஞ்சுகளை நன்றாகக் காப்பவை என்றும் தெரியவந்தது. தூண்டில் அவற்றையே தேர்ந்தெடுத்து எடுத்துவிட்டால் ஏரியில் எஞ்சுபவை எவை என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

மென்பிளாஸ்டிக்குக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. முள்ளிலிருந்து கிழிந்து நீரில் விழும் துண்டு மக்குவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துச் சார்ல்ஸ்டன் ஏரியில் பிடிபட்ட மீன்கள் சிலவற்றின் வயிற்றில் இத்தகைய துண்டுகள் இருந்ததாக 2014-இல் ஓர் ஆய்வு கூறிற்று. நீரில் ஊறிய துண்டு முன்னிருந்ததைவிடப் பருத்துவிடுவதும் அதில் அறியப்பட்டது. வீடூர் அணையிலோ செஞ்சி ஏரிகளிலோ தவளையின் கால் அறுந்து போனால் அதைத் தேடி எடுப்பது எளிதன்று. ஆனால் கிழிந்த தவளையைக் கரையில் எறியாமல் பையில் போட்டுக்கொண்டு வருவது எவருக்கும் கூடும்.