சப்பிரகமுவைத் தோட்டங்களும் பழைய பஸ் வண்டியும்

ஒரு சமுதாயத்தின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச் சுவடியையும் தேடிச் செல்வது வழக்கம். சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் எம்மக்களுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. அவர்கள் வாழ்ந்தமைக்குச் சாட்சியாக நிற்பவை லயங்களும், கோயில்களும், மலைச்சரிவில் அவர்கள் வெட்டிய பாதைகளும், அப்பாதைகளில் ஓடிய வண்டிகளுமே. இவற்றுள் பழைய பஸ் வண்டியைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பழைய இரும்புக்குப் போகும் வண்டியில் சரித்திரம் ஏது என்று சிலர் நகைக்கலாம். அவ்வண்டி எக்காலத்தில், எப்பாதையில், யாரை ஏற்றிச் சென்றது என்று கேட்டுப் பார்ப்பின் அந்நகைப்பு நீங்கிவிடும்.

வண்டிக்கு முந்திய காலம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு கேகாலை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. 1832ஆம் ஆண்டில் இத்தெருவில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. மாவனல்லைக்கு அருகேயுள்ள உதுவான்கந்தைக் குன்றைத் தன் கோட்டையாகக் கொண்டு வழிப்பறி செய்த சரதியேல், 1864ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட கதையை எம் பெரியோர் பலரும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அது ரம்புக்கனை வழியாக மலையேறிற்றேயன்றிக் கேகாலைப் பட்டினத்தைத் தொடவில்லை.

களனிப் பள்ளத்தாக்குப் பகுதிக்கு வேறொரு பாதை அமைந்தது. இரண்டரை அடி இடைவெளியுடைய ஒடுங்கிய தண்டவாளம் அது. 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் அப்பாதை நீண்டது. தோட்டத்துத் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம். எனினும், எம்மவர் அதனை அன்போடு 'கோச்சி' என்றழைத்துத் தமதாக்கிக் கொண்டனர். கோச்சி நிலையத்தோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. நிலையத்திலிருந்து தோட்டம் வரை எஞ்சிய வழியைக் கால்களும் மாட்டுவண்டியுமே கடந்தன. குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து கல்லும் முள்ளும் அட்டையும் நிறைந்த வழியில் ஏறிய தாய்மார் எத்தனை பேர்!

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே பஸ் வண்டி. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் தனியார் பலர் இத்தொழிலில் இறங்கினர். என்ஜினும் அடிச்சட்டமும் கடல் கடந்து வந்தன. மேற்கூட்டையோ பெரும்பாலும் இந்நாட்டுத் தச்சர் மரத்தால் செய்து, தகடு அடித்து, வர்ணம் பூசி முடித்தனர். பாதி வண்டி சீமையில் பிறந்தது. மறுபாதி உள்ளூர்க் கைவினைஞனின் உளியில் பிறந்தது. பழைய பஸ் வண்டியைச் சீமைப் பொருள் என்று தள்ளிவிடுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சபை பிறந்த ஆண்டு

தனியார் வண்டிகள் ஓடிய காலத்தில் வருமானம் மிக்க தெருக்களில் போட்டி மிகுந்திருந்தது. பயணிகளை முந்தி ஏற்றிக்கொள்வதற்காக வண்டிகள் ஒன்றையொன்று துரத்தின. ஆட்கள் குறைந்த பாதைகளிலோ வண்டிக்காகக் காத்திருந்தவர் காத்தே இருந்தனர். 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திர முறையால் இதனை ஒழுங்குபடுத்த முயன்றது. பின்னர், 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் பஸ் சேவை யாவும் அரசுடைமையாயிற்று. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் முதல் ஓட்டத்துக்குச் செந்நிற மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியொன்று பயன்பட்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்காவும் அதில் பயணஞ் செய்தனர். அந்த வண்டியைப் பழைய இரும்பாக்கிவிடாது சபையினர் காத்து வைத்தமை பாராட்டுக்குரியது. நாடு முழுவதற்கும் பொதுவான நிகழ்ச்சியொன்றை, அதனைக் கண்டிராத தலைமுறைக்கு அவ்வண்டி நேரிற் காட்டி நிற்கின்றது.

ஆயினும், அதே ஆண்டு எமக்கு வேறொரு நினைவையும் விட்டுச் சென்றது. வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து அதற்கு முன்னரே வந்திருந்தது. அத்தகடு பூண்ட சபை வண்டிகள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு மலையகத்துக்கும் பரவிற்று. பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். மே மாத இறுதியில் நாடெங்கும் கலவரம் மூண்டது. ஏழைக்கும் எட்டாத ஊருக்கும் வண்டி வந்த ஆண்டும், அவ்வண்டியின் நெற்றியிலிருந்த ஓரெழுத்தால் மனங்கள் பிளவுபட்ட ஆண்டும் ஒன்றே. சரித்திரம் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் தருவதில்லை.

ஏறியவர்களும் இறங்கியவர்களும்

சப்பிரகமுவையில் பஸ் வண்டியின் முக்கியத்துவம் ஏனைய மலைப்பகுதிகளினும் அதிகம் என்று கூறலாம். பதுளைக்குச் செல்லும் கோச்சிப் பாதை இன்றும் இருக்கின்றது. எமது கோச்சிப் பாதையோ சிறிது சிறிதாகப் பறிபோயிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் யுத்த காலத்தில் மூடப்பட்டது. இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கவுக்கும் இடைப்பட்ட பகுதி 1973இலும், இரத்தினபுரி வரையிலான பகுதி 1976இலும் மூடப்பட்டன. அதன் பின்னர் இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை ஆகிய பகுதிகளிலுள்ள தோட்ட மக்களுக்கு வெளியுலகத்தின் வாசல் பஸ் வண்டியின் மிதிபலகையே ஆயிற்று.

பிரசவ வேதனையில் துடித்தவளும் அதிலேயே சென்றாள். பிள்ளையைப் பெற்றுக்கொண்டும் அதிலேயே திரும்பினாள். பருவகாலச் சீட்டோடு பட்டினத்துப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளும், சம்பள நாளில் அரிசி மூட்டையோடு ஏறிய குடும்பத்தாரும், தீபாவளிக்குப் புடைவை வாங்கி வந்தோரும் அவ்வாசனங்களிலேயே அமர்ந்தனர். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில் இரத்தினபுரி வழியாகப் பலாபத்தலை அடிவாரத்துக்குச் செல்வோரில் "அரோகரா" என்போரும் உண்டு. "சாது சாது" என்போரும் உண்டு. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றனர். தோட்டத்துப் பிள்ளை சிங்களமும், கிராமத்துக் கொண்டக்டர் தமிழும் பழகிய பள்ளிக்கூடமாகவும் அவ்வண்டி இருந்தது. ஆயுத பூசை நாளிலே சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எம்மவர் வணங்கியது, சோறு போடும் கருவிக்குக் காட்டிய நன்றியன்றி வேறென்ன?

ஏறியவர் அனைவரும் திரும்பி வந்தாரில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 'நீ இங்கே வாழ்ந்தாய் என்பதற்குப் பத்திரம் எங்கே?' என்று கேட்கப்பட்டபோது, ஆயுளெல்லாம் உழைத்த கைகளில் பத்திரம் இருக்கவில்லை. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் நிலைத்தது. ஆனால், அந்த ஒப்பாரி புகையிரத நிலையத்திலா தொடங்கிற்று? லயத்து வாசலிலிருந்து நிலையம் வரையிலான தெருவழிப் பயணத்திலேயே தொடங்கிவிட்டது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் சப்பிரகமுவையை விட்டு வடக்கு நோக்கிச் சென்ற குடும்பங்களும் பல. எஞ்சியிருந்தோரின் உரிமைப் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்வை எய்தியது. பத்திரமில்லாத மக்களின் பயணத்தை அறிந்த சாட்சிகளுள் ஒன்று அந்தப் பழைய வண்டி என்று நாம் கூறுவது இதனாலேதான்.

புதுப்பிக்கும் முறை

பழைய வண்டியைப் புதுப்பித்தல் இயலாத காரியமன்று. எமது களனிப் பள்ளத்தாக்குப் பாதைக்காக 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சென்டினல் தொழிற்சாலையில் நீராவியால் ஓடும் சிறு தண்டவாள வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் 331ஆம் இலக்க வண்டியை இலங்கைப் புகையிரதப் பகுதியின் தொழிலாளர் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தனர். இலண்டன் நகருக்கென 1939 முதல் செய்யப்பட்ட ஆர்.டி. என்னும் மாடி பஸ்கள் அங்கு ஓடி ஓய்ந்தபின் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து எமது சபையின்கீழ் உழைத்தன. இங்கே அவ்வண்டிகள் பெரும்பாலும் உடைத்து விற்கப்பட்டன. இலண்டனுக்கு அண்மையிலுள்ள புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் 2011இல் திறக்கப்பட்ட பஸ் நூதனசாலையிலோ, சம்பளம் பெறாத தொண்டர் பலர் அதே இன வண்டிகளைத் தம் ஓய்வு நாட்களிற் பேணி வருகின்றனர். அவர்களிடம் உள்ளது பணம் மட்டுமன்று. பழமையை மதிக்கும் மனமும் ஆகும்.

இப்பணியை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் முதலில் ஏந்த வேண்டியது சுத்தியலையன்று, குறிப்புப் புத்தகத்தை. ஆணி ஒன்றைக் கழற்றுமுன் வண்டியை எல்லாப் பக்கத்தாலும் படம் பிடித்தல் வேண்டும். கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் இலக்கமிட்டு வைத்தல் வேண்டும். அடிச்சட்டத்தில் துரு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை முதலிற் சோதித்தல் அவசியம். அது உறுதியாயிருப்பின் ஏனைய யாவும் காலத்தால் கைகூடும். மேற்கூட்டின் மரச்சட்டத்தில் உக்கிய பாகத்தை மட்டும் வெட்டி, நல்ல மரத்தைப் பொருத்திச் சேர்க்கலாம். பல்லாண்டு நின்ற என்ஜினை உடனே முடுக்குதல் கூடாது. உருளைகளில் எண்ணெய் இட்டு, ஊறவிட்டு, கையாற் சுழற்றிப் பார்த்த பின்னரே அதனைக் கழற்றுதல் முறை. பழைய வர்ணத்தை ஒரேயடியாகச் சுரண்டி எறிதலும் தவறு. மெல்ல மெல்ல உரைத்துச் செல்லின் சபையின் சிவப்புக்குக் கீழே பழைய கம்பனியின் நிறமும் பெயரும் வெளிப்படக்கூடும். ஏட்டைப் புரட்டுவது போன்றதே அவ்வேலை.

வீட்டு முற்றத்தில் இத்தகைய வண்டியொன்று நின்றால் வேலையற்றவர் எவரும் அவ்வீட்டில் இரார். தச்சு வேலை தெரிந்த மாமனுக்கு மரச்சட்டம். தையல் தெரிந்த அக்காளுக்கு ஆசன உறை. சிறுவருக்குப் பித்தளைக் கைப்பிடியைத் துலக்கும் பணி. ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் அயலில் இருப்பின் அவரே அப்பணிக்கு ஆசிரியர். அவர் சிங்களவராயினும் முஸ்லிமாயினும் தமிழராயினும் கியர் மாற்றும் பக்குவம் ஒன்றே. வீட்டு மூலையில் ஒதுங்கியிருந்த பாட்டி அன்று முற்றத்துக்கு வந்து, தாம் முதன்முதல் பஸ் ஏறிய கதையைச் சொல்லத் தொடங்குவார். வண்டியைச் செப்பனிடுவதனால் குடும்பம் பெறும் பேறு இதுவே.

நம் கடமை

கோயில் தேர் பழுதுபட்டால் ஊர் கூடிப் புதுப்பிக்கின்றோம். தேரின் மரத்துக்காக மட்டுமா அதனைச் செய்கின்றோம்? அதனை இழுத்த கைகளையும் அது சுற்றிய வீதியையும் போற்றுதற்காகவும் அல்லவா? பழைய பஸ் வண்டிக்கும் அவ்விதி பொருந்தும். பளபளக்கும் வர்ணம் பூசி, கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதோடு பணி முடிந்துவிட்டதென்று எண்ணுதல் கூடாது. அது ஓடிய பாதை எது, அதனை ஓட்டியவர் யார், அதில் ஏறிச் சென்று திரும்பாதவர் யார் என்பன எழுதப்படாவிடின் மீண்டது தகடும் இரும்புமே. 'ஸ்ரீ' தாங்கிய தகடு அவ்வண்டியில் இருந்திருப்பின் அதனையும் அவ்வாறே வைத்திருத்தல் வேண்டும். கசப்பை மறைத்தலும் கூடாது. கசப்பை வளர்த்தலும் கூடாது. நடந்ததை நடந்தவாறு பிள்ளைகளுக்குச் சொல்வதே இளைஞர் கற்கவேண்டிய நேர்மை.

எல்லாச் சங்கங்களும் பஸ் வண்டியொன்றை வாங்கிப் புதுப்பித்தல் இயலாது. ஆயின், குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்க இயலாத சங்கம் இல்லை. கோச்சி இரத்தினபுரிக்கு ஓடியதைக் கண்ணாற் கண்டோரும், 1958இல் சபை வண்டி முதன்முதல் தம் சந்திக்கு வந்ததை நினைவில் வைத்திருப்போரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இரும்பு துருப்பிடிக்கப் பல்லாண்டு செல்லும். நினைவு ஒரே இரவில் மறைந்துவிடும். ஆதலின், எமது சங்க அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் லயத்திலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் இம்மாதத்திற்குள் சென்று, அவர் ஏறிய வண்டி, கொடுத்த காசு, இறங்கிய சந்தி, உடன் வந்தவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவாராக. பெரியோர்களும் 'இதெல்லாம் எதற்கு?' என்று தட்டிக் கழியாது மனந்திறந்து சொல்வார்களாக. எம்மக்களின் சரித்திரத்தை எழுதப் பிறர் வருவர் என்று காத்திராது, அதன் முதல் ஏட்டை நாமே எழுதத் தொடங்குவோம்.