இட்டார்சி பக்கத்துல ஒரு பரிசோதனை

பன்னிரண்டாவது படிக்கும்போது ஊசல் பரிசோதனை செஞ்சிருப்பீங்க. நூல், குண்டு, ஸ்டாப் வாட்ச். எங்க பேட்ச்ல பாதிப் பேர் ஊசலை ஆட்டவே இல்ல. விடை 9.8 வரணும்னு தெரியும், அங்கிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங் எழுதினோம். எனக்கு முழு மார்க். அந்த மார்க் எதை அளந்துச்சு?

இந்தக் கேள்வியோட தான் இன்னைக்கு ஹோஷங்காபாத் போறோம். சென்னையிலிருந்து டெல்லி ரயில்ல போனா இட்டார்சி தாண்டி, நர்மதை பாலத்துக்கு முன்னாடி வர்ற ஊர். இப்போ பேரு நர்மதாபுரம்.

1972-ல அந்த மாவட்டத்துல 16 அரசு நடுநிலைப் பள்ளிகள்ல ஒரு முயற்சி தொடங்குச்சு. கிஷோர் பாரதி, ரசூலியாவுல இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர், இந்த ரெண்டு அமைப்புகளும் மத்தியப் பிரதேச அரசோட அனுமதி வாங்கி ஆரம்பிச்சாங்க. டெல்லி பல்கலைக்கழகத்துலயிருந்தும் டி.ஐ.எஃப்.ஆர்-லயிருந்தும் விஞ்ஞானிகள் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. 6, 7, 8 வகுப்புப் பிள்ளைங்க குழுவா உட்கார்ந்து, தாங்களே பரிசோதனை செஞ்சு, வந்ததை எழுதணும். 'பால் வைஞானிக்'னு பாடநூல். அதுல வரையறைகளைத் தேடினா ஏமாந்துடுவீங்க. பெரும்பாலும் கேள்விகளும் செய்முறைகளும்தான். இன்ஜினியர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ஐ.ஐ.டி கான்பூர்ல படிச்சு டெல்கோவுல வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-ல லீவு போட்டு இங்க வந்தார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வச்சு அவர் செஞ்ச மாடல்கள் அப்புறம் உலகம் முழுக்கப் போச்சு.

அதே 1978-ல மாவட்டத்தோட எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் இது பரவுச்சு. 1982-ல ஏகலவ்யா அமைப்பு உருவாகி பொறுப்பை எடுத்துக்கிச்சு. ஆனா எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுறது தேர்வு. எட்டாவது அறிவியல் தேர்வை புத்தகத்தைத் திறந்து வச்சே எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. பாடத்தை மாத்திட்டு கேள்வித்தாளை அப்படியே விட்டா ஒண்ணும் மாறாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது.

சிக்கல் ஒன்பதாவதுல. அங்க பழைய புத்தகம், பழைய மனப்பாடம். திட்டம் எட்டாவதோட முடிஞ்சிடும். 2002-ல, ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த நேரத்துல, மாநில அரசு இதை நிறுத்திடுச்சு. சொல்லப்பட்ட காரணங்கள்ல முக்கியமானது: பத்தாவது போர்டு தேர்வுல இந்த மாவட்டத்துப் பிள்ளைங்க அறிவியல்ல பின்தங்குறாங்க. ஏகலவ்யா தரப்பு எண்களை வச்சே அதை மறுத்தாங்க.

என் கருத்தைச் சொல்லிடறேன். அந்த அளவுகோல் தப்பு. எட்டாவதுல முடிஞ்ச திட்டத்தை, ரெண்டு வருஷம் கழிச்சு, வேற புத்தகம், வேற ஆசிரியர் எல்லாம் தாண்டி வர்ற தேர்ச்சி விகிதத்தை வச்சு எடை போட முடியாது. நடுவுல ஆசிரியர் இல்லாத பள்ளி எத்தனைன்னு கூட அந்த எண் சொல்லாது. ஆபீஸ்ல இப்படி ஒரு டெஸ்ட் எழுதிட்டு ரிவ்யூவுக்குப் போனா நம்மள உட்கார வச்சுப் பாடம் எடுப்பாங்க.

ஆனா பெற்றோர் பக்கமும் நிக்கணும். பையன் கேள்வி கேட்கக் கத்துக்கிட்டான், சரி. காலேஜ் சீட் தர்றவங்க பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கைத் தானே பார்ப்பாங்க? இந்தப் பயத்தை முட்டாள்தனம்னு தள்ள எனக்கு மனசு வரல. பின்னாடி கணக்குப் போட்டு 9.8 எழுதினவன் நான், அந்த மார்க்ல தான் சீட் வாங்கினேன். 30 வருஷத்துல திட்டம் ஒன்பது, பத்துக்குள்ள நுழைஞ்சிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம். அந்தக் கதவு அவங்க கையில இல்ல, போர்டு கையில இருந்துச்சு.

ஏகலவ்யா இன்னைக்கும் இயங்குது, புத்தகங்கள் போடுது. போன வாரம் வீட்டுல ஒரு பூட்டை நூல்ல கட்டி, போன் ஸ்டாப் வாட்ச்ல நேரம் பார்த்தேன். 9.4 வந்துச்சு. ஏன்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். நூலோட நீளத்தை எங்கிருந்து எங்க அளந்தேன்னு சந்தேகமா இருக்கு. நீங்களும் ஆட்டிப் பார்த்து, என்ன வந்துச்சோ அதையே எழுதி அனுப்புங்க.