போர் என்னும் வினைக்கு எழுவாய் யார்?

8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன், ஆய்வேளிரின் துறைமுகமான விழிஞ்ஞத்தை வென்றான். அவ்வெற்றியைக் கூறும் சீவரமங்கலச் செப்பேடு, கடலையே அகழியாகக் கொண்ட கோட்டையை வருணிக்கிறது. அங்குப் போர்வினைகளுக்கெல்லாம் எழுவாய் மன்னன் ஒருவனே. முடியாட்சியில் அஃது இயல்பு.

1939 செப்டம்பர் 3 அன்றும் எழுவாய் ஒருவரே. இந்தியத் தலைவர்களைக் கலந்தாலோசிக்காமல், இந்தியா போரில் இருப்பதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். அதனை எதிர்த்து, ராஜாஜியின் சென்னை அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின.

இதற்கு மாற்றாக அமெரிக்காவில் லூயிஸ் லட்லோ ஒரு திருத்தம் முன்மொழிந்தார்: நாடு தாக்கப்பட்டாலன்றி, போர் தொடுக்கப் பொதுவாக்கெடுப்பு வேண்டும். 1938 ஜனவரி 10 அன்று, அதனை விவாதத்துக்கு எடுக்கும் முயற்சியே 188க்கு 209 என்ற வாக்குகளில் தோற்றது. அதிபரின் அயலுறவுச் செயற்பாட்டை அது முடக்கும் என்றார் ரூஸ்வெல்ட்.

நம் அரசமைப்பில் 'போரும் அமைதியும்' ஒன்றியப் பட்டியலின் 15ஆம் பதிவு. போருக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என அது விதிக்கவில்லை. 1962 அக்டோபர் 20இல் சீனப் போர் மூண்டது. நாடாளுமன்றத் தீர்மானம் நிறைவேறியது நவம்பர் 14இல்.

பொதுவாக்கெடுப்பை நான் ஏற்கவில்லை. கடற்போரில் முதலில் தொழிலிழக்கும் விழிஞ்ஞத்து மீனவர், நாட்டின் வாக்காளர் தொகையில் சிறு துளியே. உள்நாட்டுப் பெரும்பான்மை அவர்களுக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடும். ஆனால் தாக்குதலைத் தடுப்பது வேறு, போரை நாமே தொடங்குவது வேறு. பின்னதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயருடன் பதிவாக வேண்டும். தம் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் எனக் கேட்கும் உரிமையாவது அக்கரையோர மக்களுக்கு வாய்க்கும்.