ஆற்றங்கரையில் எல்லோரும் பாடிய வரலாறு



தஞ்சைத் தரணியில் கலைக்கு என்றும் பஞ்சமில்லை. ஆனால் கலையைக் கேட்டு மகிழ்வது வேறு, அதில் பங்கேற்பது வேறு. கற்றோர் சபைகளில் வளர்ந்த இசை ஆற்றங்கரைக்கு வந்து, கூடியோர் சேர்ந்து பாடும் இசையாக மாறிய வரலாறு நமக்கு அண்மையிலுள்ள திருவையாற்றில் நிகழ்ந்தது. அதனை இவ்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறேன்.

தியாகராசர் 1767இல் பிறந்து, 1847 ஜனவரியில் மறைந்தார். காவிரிக் கரையில் அமைந்த அவரது சமாதி நாளடைவில் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடர் வழியினர் அதனைச் சீர்செய்து, ஆண்டுதோறும் ஆராதனை நடத்தலாயினர். விரைவிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிளவு நேர்ந்தது. பலவற்றில் மாறுபட்ட இரு கட்சியாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர்: சந்நிதியில் பெண்கள் பாடலாகாது!

தேவதாசி மரபில் 1878இல் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பாடிச் சேர்த்த பொருளைக் கொண்டு சமாதி நிலத்தை வாங்கி, 1920களில் அங்கே கோயில் எழுப்பினார். கட்டியவருக்கே அங்குப் பாட இடமில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. பெண் கலைஞரைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். அது 'பெண்கள் கட்சி' எனப் பெயர் பெற்றது.

1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின, பெண்களும் பாடினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் ஒருங்கே பாடும் வழக்கமும் வேரூன்றியது. அவ்வேளையில் தனிக் கச்சேரி இல்லை. புகழ்பெற்ற வித்துவானும் நேற்றுக் கற்ற மாணவியும் வரிசையாய் அமர்ந்து அதே பாடலைப் பாடுகின்றனர். பந்தலில் இருப்பவரும் சேர்ந்துகொள்ளலாம். 1952இல் மறைந்த நாகரத்தினம்மாளின் நினைவிடம் அச்சமாதியை நோக்கியே அமைந்துள்ளது.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? இடம் பொதுவாகிவிட்டால் கலை பொதுவாகிவிடாது. ஆற்றங்கரைக்கு வேலியில்லை, குரலுக்குத் தடையிருந்தது. அதைத் தகர்க்க ஒருவர் துணிய வேண்டியிருந்தது.

இறைமக்கள் வழிபாட்டில் மௌனப் பார்வையாளராய் இராமல், உணர்ந்து முழுமையாகப் பங்கேற்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. நம் ஆலயக் கதவுகளும் திறந்தே உள்ளன. ஆயினும் பாடல் பாடகர் குழுவுக்கே உரியதென்று ஒதுங்கி நிற்போர் நம்மிடையே உண்டு. நடவு வயலில் வெட்கமின்றிக் குரலெடுத்துப் பாடிய நம் தாய்மார், ஆலயத்தின் கடைசி வரிசையில் வாய் திறவாது நிற்கின்றனர். அவர்கள் பாடாததற்கு ஏதேனும் ஒரு காலத்தில், ஏதேனும் ஒருவர் சொன்ன சொல் காரணமாயிருக்கலாம்.

இவ்விழாவின் நன்றித் திருப்பலியில் முதற்குரல் அந்தக் கடைசி வரிசையிலிருந்து எழட்டும்.