உடல் எடைப் பயிற்சி

உடல் எடைப் பயிற்சி என்பது இரும்பு எடைகளோ பொறிகளோ இன்றி, ஒருவர் தம் உடலின் எடையையே சுமையாகக் கொண்டு தசைகளை வலுப்படுத்தும் உடற்பயிற்சி முறை ஆகும். தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம், படியேறுதல், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல் ஆகியன இவ்வகையில் அடங்கும். உடற்பயிற்சிக் கூடமோ கட்டணமோ தேவையில்லாததாலும், ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கும் அளவு இடமே போதும் என்பதாலும், எல்லா வயதினரும் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சியாக இது விளங்குகிறது.

தேவை

மனிதனின் தசைத் திரள் ஏறத்தாழ 30 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. 60 வயதுக்குப் பின் இவ்விழப்பு மேலும் விரைவடைகிறது. முதுமையில் ஏற்படும் இந்தத் தசை இழப்பு சார்கோபீனியா எனப்படுகிறது. கிரேக்க மொழியில் தசை, குறைவு எனப் பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து, அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1980களின் இறுதியில் இப்பெயரை முன்வைத்தார். இருக்கையிலிருந்து எழ இயலாமை, தடுமாறி விழுதல், இடுப்பெலும்பு முறிவு, பிறரைச் சார்ந்து வாழ நேர்தல் ஆகியவற்றுக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

தசை வலிமை முதியோருக்கு மட்டும் உரிய கவலை அன்று. உணவு உண்டபின் குருதியில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது எலும்புத் தசைகளே. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியும் சர்க்கரையை எடுத்துக்கொள்ள வல்லது. எனவே தசைகளை இயக்காமல் இருப்பது நீரிழிவு நோய்க்கு வழிகோலுகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வு, 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் இருந்ததாக மதிப்பிட்டது.

17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015ல் வெளியான ஓர் ஆய்வு, கைப்பிடி வலிமைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பிடியின் வலிமை 5 கிலோ குறையும்தோறும் இறப்பு இடர் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இறப்பு இடரை முன்கூட்டிக் காட்டுவதில் குருதி அழுத்தத்தின் மேல் அளவைக் காட்டிலும் பிடியின் வலிமையே சிறந்த அளவுகோலாக அமைந்தது. பிடியை மட்டும் வலுவாக்கினால் ஆயுள் நீளும் என்பது இதன் பொருள் அன்று. கைப்பிடி முழு உடலின் தசை நிலையைக் காட்டும் ஓர் அடையாளம் என்பதே இதன் பொருள்.

வரலாறு

இந்தியாவில் மற்போர் பயிலும் களங்களில் தண்டாலும் பஸ்கியும் நெடுங்காலமாக அடிப்படைப் பயிற்சிகளாக இருந்துவருகின்றன. 1960ல் மறைந்த புகழ்பெற்ற மல்லர் காமா, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இவற்றைச் செய்ததாகக் கூறப்படுகிறது. இன்றைய மகாராட்டிரத்தில் இருந்த ஔந்து சமத்தானத்தின் அரசர் பவன்ராவ், 1920களில் சூரிய வணக்கத்தை ஓர் உடற்பயிற்சியாகப் பரப்பினார். சென்னையில் ஹாரி குரோ பக் 1920ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கியதில் முன்னோடியாகும்.

செருமனியில் பிரீட்ரிக் லுட்விக் யான் 1811ல் பெர்லின் அருகே திறந்தவெளிப் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தார். சப்பானில் 1928ல் வானொலி வழியாக உடற்பயிற்சி ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நின்றுபோன இவ்வொலிபரப்பு 1951ல் புதிய வடிவில் மீண்டது. கனடிய வான்படை 1950களின் இறுதியில், கருவிகள் இல்லாத இடங்களிலும் வீரர்கள் உடல் தகுதியைக் காத்துக்கொள்ளும் வகையில், ஐந்து பயிற்சிகளை 11 நிமிடங்களில் முடிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. பெண்களுக்கான திட்டம் பத்துப் பயிற்சிகளையும் 12 நிமிடங்களையும் கொண்டிருந்தது. இத்திட்டங்கள் நூல் வடிவில் பொதுமக்களிடையேயும் பரவின.

செயல்படும் விதம்

தசை தனக்குப் பழக்கப்பட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலான சுமையை எதிர்கொள்ளும்போது வலுப்பெறுகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் பங்களிப்பாகும். மூளை கூடுதல் தசை நார்களை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்கிறது. தசை நார்கள் பருப்பது அதன்பின் படிப்படியாக நிகழ்கிறது. பயிற்சியின்போது தூண்டப்படும் தசை, ஓய்வின்போதே வளர்கிறது. ஆகவே ஒரே தசைத் தொகுதிக்கு அடுத்தடுத்த நாள்களில் கடும் பயிற்சி அளிக்காமல் ஒருநாள் இடைவெளி விடுவது வழக்கம்.

எடைகள் இல்லாதபோது சுமையை மாற்ற நெம்புகோல் தத்துவம் உதவுகிறது. தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையின் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கைகளின் மேல் அமைகிறது. முழங்கால்களை ஊன்றி எடுத்தால் அது ஏறத்தாழ பாதி முதல் ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. சுவரில் கைகளை ஊன்றி எடுத்தால் இன்னும் குறைகிறது. கால்களைப் படியின் மேல் வைத்து எடுத்தால் கூடுகிறது. மெதுவாகச் செய்தல், கீழ்நிலையில் சில நொடிகள் நிறுத்துதல், ஒற்றைக் காலில் செய்தல் ஆகியவையும் கடினத்தைக் கூட்டும் வழிகளாகும். குறைந்த சுமையாயினும், தசை நன்கு களைக்கும் வரை செய்தால், கனத்த எடைகளுக்கு நிகரான தசை வளர்ச்சி கிடைக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

அடிப்படைப் பயிற்சிகள்

தண்டால்: மார்பு, தோள், மேற்கையின் பின்தசை ஆகியவற்றுக்கானது. தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். இடுப்பு தொய்தலோ மேலெழுதலோ கூடாது. தொடக்க நிலையில் இருப்பவர் சுவரிலும், பின் உறுதியான மேசையிலும், அதன்பின் முழங்கால் ஊன்றியும் பழகி, இறுதியில் தரைக்கு வரலாம்.

பஸ்கி: தொடை, பிட்டம் ஆகியவற்றுக்கானது. பாதங்களைத் தோள் அகலத்திற்கு வைத்து, நாற்காலியில் அமர்வதைப் போல இடுப்பைப் பின்தள்ளிக் கீழிறங்கி எழ வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழலாகாது. முழங்கால்கள் உட்புறம் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். முதியோர் நாற்காலியில் அமர்ந்து எழுவதையே பயிற்சியாகக் கொள்ளலாம்.

தோப்புக்கரணம்: கைகளைக் குறுக்காக வைத்துக் காதுகளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்து எழுவது. பிள்ளையார் வழிபாட்டில் இடம்பெறும் இது, உடலியக்க நோக்கில் பஸ்கியின் ஒரு வடிவமே. இது மூளைத் திறனைப் பெருக்கும் எனப் பரப்பப்படும் கூற்றுகளுக்கு வலுவான அறிவியல் சான்று இல்லை. கால்களுக்கு நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை.

பலகை நிலை: பிளாங்க் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இப்பயிற்சியில், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல் அசையாமல் நிறுத்த வேண்டும். வயிறு, முதுகுத் தசைகள் வலுப்பெறும். 10 நொடிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

பாலப் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே உயர்த்தி இறக்குவது. நெடுநேரம் அமர்ந்து பணியாற்றுவோரின் பிட்டத் தசைகளுக்கும் கீழ்முதுகுக்கும் ஏற்றது.

இழுவைப் பயிற்சி: தண்டாலும் பஸ்கியும் மேல்முதுகைப் போதிய அளவு இயக்குவதில்லை. கம்பியில் தொங்கி உடலை மேலிழுப்பது இக்குறையைப் போக்கும். அது இயலாதவர் நீர் நிரப்பிய வாளியைக் குனிந்த நிலையில் இடுப்பு நோக்கி இழுக்கலாம். ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ என்பதால் சுமையை வேண்டிய அளவு கூட்டவும் குறைக்கவும் இயலும்.

குதிகால் உயர்த்தல்: சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழுந்து மெல்ல இறங்குவது. கெண்டைக்கால் தசைக்கும் உடல் சமநிலைக்கும் உதவும்.

அளவும் ஒழுங்கும்

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலியக்கத்திலோ ஈடுபட வேண்டும். அத்துடன் முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு நாள்களாவது செய்ய வேண்டும். 65 வயதைக் கடந்தோருக்குச் சமநிலையும் வலிமையும் சார்ந்த பலவகைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள்கள் கூறப்பட்டுள்ளது. உடலியக்கம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடங்களாவது தொடர்ந்து நீடிக்க வேண்டும் என்ற முந்தைய நிபந்தனை இப்பரிந்துரையில் இல்லை. ஆகவே மாடிப்படி ஏறுவதும் கடைக்கு நடந்து செல்வதும் கணக்கில் சேரும்.

2022ஆம் ஆண்டில் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய உடலியக்கம் இன்றி இருந்ததாக 2024ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இந்தியாவில் இது ஏறத்தாழ பாதியாக இருந்தது.

தொடங்குவோர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள், ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 12 முறை வீதம் இரண்டு சுற்றுகள் செய்யலாம். சுற்றுகளுக்கு இடையே ஒன்று அல்லது இரண்டு நிமிட ஓய்வு போதுமானது. ஒரு பயிற்சியை 15 முறை எளிதாகச் செய்ய இயன்றால், அதன் அடுத்த கடின வடிவத்திற்கு மாறுவது முறையாகும். பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடங்கள் நடந்தோ கைகால்களைச் சுழற்றியோ உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

வலிமையை அளந்தறிதல்

கால் வலிமையை வீட்டிலேயே அறிய நாற்காலிச் சோதனை பயன்படுகிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டி வைத்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்து, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலில், பின்வரும் எண்ணிக்கைக்குக் குறைந்தால் விழும் இடர் மிகுதி எனக் கொள்ளப்படுகிறது:

60–64 வயது: ஆண் 14, பெண் 12
65–69 வயது: ஆண் 12, பெண் 11
70–74 வயது: ஆண் 12, பெண் 10
75–79 வயது: ஆண் 11, பெண் 10
80–84 வயது: ஆண் 10, பெண் 9

குறைந்த எண்ணிக்கை இறுதித் தீர்ப்பு ஆகாது. 1990ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரங்கள் எடைப் பயிற்சி செய்தபோது, அவர்களது கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தசை எவ்வயதிலும் பயிற்சிக்கு ஈடுகொடுக்கும் என்பதை இது உணர்த்தியது.

துணைபுரியும் பழக்கங்கள்

உணவு: தசை வளர்ச்சிக்குப் புரதம் இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராமும் புரதம் உண்டு. சோறு மிகுந்த உணவில் பருப்பு, சுண்டல், தயிர், மீன், முட்டை ஆகியவற்றின் பங்கைக் கூட்டுவது போதுமானது. புரத மாவுகள் கட்டாயம் அல்ல. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவும், காய்கனிகளை 400 கிராமுக்குக் குறையாமலும் கொள்வது நன்று.

உறக்கம்: வயது வந்தோருக்கு இரவில் குறைந்தது 7 மணிநேர உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.

அமர்வு: நெடுநேரம் தொடர்ந்து அமர்ந்திருப்பதைத் தவிர்த்து, இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பது குருதியில் சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும்.

தவறான கருத்துகள்

வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் என்பது சரியன்று. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் குறைகிறதே அன்றி, இயக்கப்படும் இடத்திலிருந்து மட்டும் குறைவதில்லை. பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறும் என்பதும் தவறு. அவை வெவ்வேறு திசுக்கள். தசை மெலிவதும் உண்ணும் அளவு குறையாததால் கொழுப்பு சேர்வதும் ஒருங்கே நிகழ்வதால் அவ்வாறு தோன்றுகிறது. பெண்கள் இப்பயிற்சிகளால் ஆண்களைப் போல் பருத்துவிடுவதில்லை. முறையான மேற்பார்வையுடன் செய்யும் வலிமைப் பயிற்சி சிறுவர்களின் உயரத்தைத் தடுப்பதும் இல்லை.

எச்சரிக்கைகள்

இதய நோய், கட்டுப்பாடற்ற உயர் குருதி அழுத்தம், அண்மையில் அறுவை மருத்துவம், கருவுற்றிருத்தல் ஆகிய நிலைகளில் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முயல்வது குருதி அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். உடலை உயர்த்தும்போது மூச்சை வெளிவிடுவதே முறை. மார்பு வலி, மயக்கம், கடும் மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகளில் நோவு இருப்பது இயல்பு. ஆனால் பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கியோ தோப்புக்கரணமோ செய்தால், தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். கடும் வலியும் வீக்கமும், கரும்பழுப்பு நிறச் சிறுநீரும் இதன் அறிகுறிகள். இது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய நிலை. இக்காரணத்தால், மாணவர்களுக்குத் தண்டனையாகப் பெரும் எண்ணிக்கையில் தோப்புக்கரணம் இடச்செய்வது ஆபத்தானது.

இவற்றையும் பார்க்கவும்

தண்டால்
தோப்புக்கரணம்
சூரிய வணக்கம்
கர்லாக்கட்டை
நீரிழிவு நோய்