தாவாரத்துப் பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்தில் தாழ்வாரம் என்று யாரும் சொல்வதில்லை. தாவாரம்தான். 1986இல் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். இரண்டு ஓட்டு அறை, முன்னால் நீளமாக ஒரு தாவாரம், அதன் மூலையில் மணல்மேல் உட்கார்ந்த ஒரு தண்ணீர்ப் பானை. வகுப்பு ஐந்து, ஆசிரியர் மூன்று பேர். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு கூட்டம் வெளியேதான் உட்கார வேண்டும்.

யார் வெளியே என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெரிய சார் ஒரு பட்டியல் போடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைகள், இரண்டு வருஷமாக ஒரே வகுப்பில் கிடப்பவர்கள், அறுவடைக்குப் போய் மாதம் கழித்து வந்தவர்கள் எல்லோரும் தாவாரத்துக்கு. அலுவலகக் கடிதங்களில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று மரியாதையாக எழுதுவோம். வாயில் வந்தது 'தாவாரத்துப் பசங்க'. அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரனாக ஒருவனை அனுப்பி ஆனா ஆவன்னா சொல்லித்தரச் சொல்வோம்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பெரியவனைக் கொண்டு சின்னவனுக்குப் படிப்பிப்பது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை காலத்திலிருந்து வருவது. 1789இல் எழும்பூர் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. நம் ஊர் மணல் கப்பலேறிப் போய் அங்கே ஒரு கொள்கையாகிவிட்டது. இங்கே அது ஆள் பற்றாக்குறைக்கு ஒரு வழியாகவே இருந்தது.

எங்கள் தாவாரத்துக்கு ஒரு புதுக் கூட்டம் வந்தது 90களின் நடுவில். வடாற்காட்டில் அப்போது பீடி வீட்டுக்கு வீடு. ஏஜென்ட்டிடம் ஐந்நூறோ ஆயிரமோ முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிடுவார்கள். பிள்ளை செய்யும் வேலை வட்டிக்குத்தான் போகும், முதல் அப்படியே நிற்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல். இரண்டும் எங்கள் தெருவுக்கு நடந்துவர இத்தனை வருஷம் ஆயிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகள் தொடங்கினார். மத்திய அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்திலும் அப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தன. அதில் பிள்ளைக்கு அப்போது மாதம் நூறு ரூபாய் உதவித்தொகை. சிறப்புப் பள்ளிக்கு வாடகைக்கு இடம் தேடுவார்கள், இல்லாவிட்டால் இருக்கிற பள்ளியில் ஓர் ஓரம் கேட்பார்கள். எங்களிடம் ஓரம்தான் கேட்டார்கள்.

அன்றைக்கு நடந்த பேச்சு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய சாருக்கு இடம் கொடுக்க மனசில்லை. "ரூம்ல உட்கார வச்சா ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்கம்மா" என்றார். ஊர்க்காரர்கள் உண்மையாகவே வந்தார்கள். நெசவாளர் தெருவிலிருந்து நாலு பேர். பீடிப் பிள்ளைகள் கெட்ட வார்த்தை பேசும், காசு கையில் பார்த்த பிள்ளைகள், எங்கள் பிள்ளையும் கெட்டுப்போகும் என்றார்கள். கடைசியில் ஒரு யோசனை சொல்லப்பட்டது. தாவாரத்தில் பாதியைக் கொடுத்துவிடலாம், நடுவில் பழைய இரும்பு பீரோவை நிறுத்திவிடலாம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் தெரியாது. எல்லோரும் சரி என்றார்கள். யோசனை சொன்னது நான்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை. பக்கத்தில் போனால் புகையிலைத் தூள் வாசனை. பிளஸ் டூ முடித்த ஒரு பெண்தான் அவர்களுக்கு டீச்சர். பிள்ளைகள் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் அவள் புளியங்கொட்டையைக் கொட்டி எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பெண் ஒன்று, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி வைத்தது. எண்ணிப் பார்த்தால் இருபத்தைந்து. மறுபடி அள்ளச் சொன்னாள். மறுபடியும் இருபத்தைந்து. பீடிக் கட்டுக்கு இருபத்தைந்து. முறத்திலிருந்து எடுத்து எடுத்து அந்தக் கைக்கு எண்ணிக்கை ஏறிவிட்டது. பலகையில் 25 என்று எழுதிக் காட்டி இது என்ன என்று கேட்டால் அதற்குத் தெரியவில்லை. நாலு கட்டு நூறு என்று தெரியும், கழிவுக்கு ஏஜென்ட் எத்தனை பிடிப்பான் என்பதும் தெரியும். நான் ஒன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். பீரோவுக்கு இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்கா பாடத்தைக் கட்டாகவே நடத்தினாள். ஒரு கட்டு, அரைக் கட்டு, கட்டுக்குக் குறைவு. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பின்பக்கம் எழுதி அட்டை செய்துகொண்டாள். எந்தப் பிள்ளை எந்த அட்டைவரை வந்தது என்று ஒரு நோட்டு. நாலு நாள் வராத பிள்ளை அஞ்சாம் நாள் வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடங்கும். நாங்கள் அப்படிச் செய்ததில்லை. பாடம் எங்கே நிற்கிறதோ அங்கே பிள்ளை வந்து சேர வேண்டும், வராவிட்டால் தாவாரம்.

இதற்கிடையே மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில், பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி 80களிலிருந்து சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தினார்கள். எல்லா வகுப்புப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, அட்டைகளை வரிசையில் கட்டிய ஓர் ஏணி. குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா சோதனைச்சாவடி தாண்டிப் பலமநேர் வழியாகப் போனால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முப்பத்தாறு வருஷச் சர்வீஸில் நான் போனதில்லை. சென்னையிலிருந்து போனார்கள். 2003இல் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலி போய்ப் பார்த்துவிட்டு வந்து தாங்களே அட்டை தயாரித்தார்கள். எங்கள் வேலூர்ச் சிறப்புப் பள்ளிகளின் அனுபவமும் அதற்குப் பின்னால் இருந்தது. முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள், அப்புறம் எல்லாமும். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநில இயக்குநரானார். 2007-08இல் தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குச் 'செயல்வழிக் கற்றல்' வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்த பாடம் பீரோவைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் நாற்காலி போயிற்று. டீச்சரும் பாயில் உட்கார வேண்டும். நாற்பத்தைந்து வயதில் முட்டி மடக்கி எழுந்து பார்த்தால் தெரியும். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைக் கிளிப் போட்டு மாட்டினோம். கம்பிப் பந்தல் என்று பெயர். ஒன்று முதல் நாலு வகுப்புவரை கலந்து உட்கார்ந்தார்கள். தரையில் குழுவுக்கு ஒரு தட்டு, அதைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள்: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல் என்று. பிள்ளை ஏணியில் தன் சின்னத்தைப் பார்த்து, அலமாரியில் அதே சின்னம் போட்ட அட்டையை எடுத்து, அதற்கான தட்டருகே போய் உட்கார வேண்டும். வருகையைக்கூடத் தானே பதிந்துகொள்ளும். ஜான் ஃப்ரிஸ்கினும் எங்கள் பழைய சட்டாம்பிள்ளையும் 'சக மாணவர் உதவி' என்ற பெயரில் அரசாணையோடு திரும்பி வந்திருந்தார்கள்.

ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பெற்றோர் கேட்டது ஒரே கேள்வி: "புக்கு எங்க டீச்சர்? வீட்ல படிக்க ஒண்ணுமே குடுக்க மாட்டேங்கறீங்களே." அந்த வருஷங்களில் எங்கள் தெருவிலிருந்து இங்கிலீஷ் மீடியம் வேன் ஏறிய பிள்ளைகள் எத்தனையோ.

ஆனாலும் ஒன்று நடந்தது. இரண்டாம் வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலில் நின்றபடி, "இதுல யாரு டீச்சர் மெல்லக் கற்கிறவங்க?" என்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் வகுப்புப் பெண்ணோடு ஒரே அட்டையில் இருந்தான். பார்த்த பார்வைக்குச் சொல்ல முடியவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்லை. தாவாரம் காலியாக இருந்தது, செருப்பு மட்டும் கிடந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பையனைத் தொலைத்தேன். கடைசியில் உட்கார்ந்து தினமும் அட்டை எடுப்பான், தட்டில் வைப்பான், பென்சில் அசையும். நாலு மாதம் கழித்து அடைவு அட்டவணையை நிரப்பும்போதுதான் பார்த்தேன், ஒரே படியில் நிற்கிறான். கூப்பிட்டுக் கேட்டால், "அடுத்த அட்டை காணோம் டீச்சர்" என்றான். உண்மைதான். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கறையான் அரித்துக் கிடந்தது. பழைய ஏற்பாட்டில் அவன் தாவாரத்தில் இருந்திருப்பான், எல்லோரும் அவனை மக்கு என்றிருப்பார்கள், ஆனால் அங்கே இருக்கிறான் என்பது தெரிந்திருக்கும். இந்த முறையைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இந்த அட்டைக் கணக்கைப் பேசி நான் கேட்டதில்லை. நாற்பது பிள்ளைக்கு நாற்பது இடத்தில் பாடம் நடக்கும்போது, ஒவ்வொரு இடத்தையும் டீச்சர் தினமும் தொட்டாக வேண்டும். நான் தொடவில்லை.

பிறகு எல்லாம் மெல்லக் கரைந்தது. 2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கே வராத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றது. 2012-13இல் முப்பருவ முறை வந்தது, புத்தகம் திரும்பியது, செயல்வழிக் கற்றல் 'எளிமையாக்கப்பட்டது'. அரசாங்கம் ஒன்றை எளிமையாக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கம்பியில் சிலந்தி வலை கட்டியது. நாற்காலி திரும்ப வந்ததில் என் முட்டிக்குச் சந்தோஷம்தான்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளியில் சின்னப் பிள்ளைகள் மறுபடி கால் வைத்தது 2021 நவம்பர் முதல் தேதி. மூன்றாம் வகுப்பு என்று வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பெயர் எழுத வரவில்லை. இத்தனை பேரை எந்தத் தாவாரத்தில் உட்கார வைப்பது? அதே சமயத்தில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம், தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். எங்கள் தெருவில் அது மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்தது.

2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புவரை பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்க வேண்டும் என்றது. பெயர் வைத்தவருக்கு நல்ல மனசு. மலர்தான் மேல்நிலை. எழுத்தே தெரியாதது அரும்பு.

ஓய்வூதியக் கையெழுத்து ஒன்றுக்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். தாவாரத்துக்கு இப்போது கிரில் போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பானை இருந்த இடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். என்னிடம் படித்த பெண்ணே இப்போது அங்கே டீச்சர். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓர் அறையில் மலர், இன்னோர் அறையில் மொட்டு.

"அரும்புப் பிள்ளைங்க எங்கம்மா?"

"தாவாரத்துல டீச்சர். நல்லா காத்து வரும்."

குடியாத்தத்தில் ஜூன் மாதத்துக் காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு பாயில் உட்கார்ந்தேன்.