ஜீப்புக்கு மூச்சு கொடுத்த டப்பா



பி.காம். படிக்கிறவனுக்குக் கார்புரேட்டரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குப் பற்று எது, வரவு எது என்பதே தேர்வுக்கு முந்தின ராத்திரிதான் ஞாபகம் வரும் :-) ஆனாலும் இந்த மே மாத லீவில் போடிநாயக்கனூரில் மாமா வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்து வந்துவிட்டது.

மாமாவிடம் ஒரு பழைய மகேந்திரா ஜீப் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. அந்தக் காலத்து பெட்ரோல் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார்கள். மாமா மாற்றவில்லை. வண்டியோ போடிமெட்டு ஏற்றத்தில் இருமும், கையெடுத்தால் நின்றுவிடும். "டீசல் மாத்து, இல்லேன்னா எடைக்குப் போடு" என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. கடைசியில் மெக்கானிக் அண்ணன் வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்து, "கார்புரேட்டர் போச்சுண்ணே, புதுசு போடணும்" என்றார். கழற்றி என் கையில் கொடுத்தார். அழுக்கைத் துடைத்தால் 'சோலெக்ஸ்' என்று எழுத்து.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. இந்த ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்காவின் வில்லிஸ். நான் படித்த வரையில் வில்லிஸ் ஜீப்புக்குப் போட்டது கார்ட்டர் கம்பெனி கார்புரேட்டர். பிறகு இந்த சோலெக்ஸ் எப்போது, ஏன் உள்ளே வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

பெட்ரோல் திரவமாக எரியாது. காற்றோடு கலந்து புகைபோல ஆனால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இந்தக் கலவையைப் போடுகிற சமையல்காரர்தான் கார்புரேட்டர். குழாய் ஒரு இடத்தில் குறுகினால் அங்கே காற்று வேகமாக ஓடும், அழுத்தம் குறையும். வெஞ்சூரி என்ற இத்தாலிக்காரர் 1797-ல் எழுதி வைத்த விஷயம் இது. அந்தக் குறுகிய இடத்தில் ஒரு சின்னத் துளை வைத்தால் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டுத் தூறலாகச் சிதறும். மோட்டாரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

1893-ல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இருவர் இதற்கு பேட்டன்ட் கேட்டார்கள். அதே வருடம் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் இதே யோசனையோடு வந்தார். தெருவில் பூ விற்கிற பெண் பூக்களின் மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நியூட்டன் ஆப்பிள் மாதிரி, நம்புகிறவர்கள் நம்பலாம் :-)

கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் தேங்கும் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி ஊசியால் வழியை அடைக்கும். பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் மாதிரியேதான். சமதளத்தில் ஓடும் காருக்கு இது போதும். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு? வண்டி சாய்ந்தால் தொட்டியும் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்ரோல் வழியும், மறுபக்கம் சாய்ந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். மலை ஏறினால் காற்று மெலியும், பெட்ரோல் அதிகமாகித் திணறும். வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்குப் புழுதி. ஆக, ஜீப்பின் கார்புரேட்டருக்கு மற்ற வண்டிகளின் கார்புரேட்டரைவிடக் கஷ்டமான பிழைப்பு.

அவசரத்தில் பிறந்த வண்டி

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள சின்ன வண்டி வேண்டும், மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு! பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் திவாலாகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற குட்டிக் கம்பெனி மட்டும் கெடுவுக்குள், செப்டம்பர் 23 அன்று வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. வரைபடம் போட்டவர் கார்ல் ப்ராப்ஸ்ட்.

ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸ் கம்பெனிக்கு. காரணம் எஞ்சின். வில்லிஸின் பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை பார்னி ரூஸ் என்ற எஞ்சினியர் செதுக்கிச் செதுக்கி 60 குதிரைசக்திக்குக் கொண்டு வந்திருந்தார். 2.2 லிட்டர், 'கோ டெவில்' என்று பெயர். அந்த எஞ்சினின் மேல் உட்கார்ந்ததுதான் கார்ட்டர் டபிள்யூ.ஓ. கார்புரேட்டர்.

வில்லிஸ் ஒருவரால் முடியாது என்று ஃபோர்டையும் அதே வரைபடத்தில் ஜீப் செய்யச் சொன்னது ராணுவம். ஃபோர்டு போல்ட்டில்கூட 'எஃப்' என்று முத்திரை குத்தியது. ஆனால் உதிரிபாகம் இரண்டுக்கும் ஒன்றுதான். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து செய்தது ஆறு லட்சத்துக்கும் மேல். ஒரு வண்டியில் கெட்ட கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கவிழ்ந்து கிடக்கும் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம். ஜீப்பின் உண்மையான பலம் இந்த மாற்றிக்கொள்ளும் வசதிதான் என்பது என் அபிப்பிராயம்.

எதிரியின் கார்புரேட்டர்

இப்போது ஒரு வேடிக்கை. அதே போரில் ஜீப்புக்கு எதிரே நின்ற ஜெர்மன் வண்டி, ஃபோக்ஸ்வாகனின் கூபல்வாகன். அதில் இருந்த கார்புரேட்டர் என்ன தெரியுமா? சோலெக்ஸ்! சோலெக்ஸ் பிறந்தது பிரான்சில். கூடார், மென்னஸன் என்ற இரண்டு நண்பர்கள் ஆரம்பித்த கம்பெனி. அவர்களுடைய சாமர்த்தியம் லைசென்ஸ் கொடுப்பதில் இருந்தது. ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, பிறகு 1960-ல் ஜப்பானின் மிகுனி என்று ஊர் ஊராக உரிமம் கொடுத்தார்கள். கார்ட்டர் தன் சரக்கை விற்றது, சோலெக்ஸ் தன் வரைபடத்தை விற்றது. எது நீண்ட நாள் தாங்கும் என்று வணிகவியல் மாணவனிடம் கேட்காதீர்கள், பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன்!

இன்று வெளிநாட்டில் பழைய வில்லிஸ் வைத்திருப்பவர்களுக்குக் கார்ட்டருக்குப் பதிலாக விற்கப்படும் மாற்றுகளில் ஒன்று சோலெக்ஸ் மாதிரி கார்புரேட்டர். எதிரி வண்டியின் மூச்சுக்குழல் இப்போது ஜீப்புக்குள்.

நம்ம ஊருக்கு வந்த கதை

1945-ல் பம்பாயில் 'மகேந்திரா அண்ட் முகம்மது' என்ற கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகம்மது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார். கம்பெனி 1948-ல் 'மகேந்திரா அண்ட் மகேந்திரா' ஆனது. எழுத்து இரண்டும் 'எம்' என்பதால் முத்திரைக்குச் சிக்கல் இல்லை :-) வில்லிஸிடமிருந்து ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கி மசகானில் பூட்டத் தொடங்கினார்கள்.

அப்போது நாட்டின் கையில் டாலர் குறைவு. 1953-ல் சுங்கவரி ஆணையம், இங்கேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்ற பாதையைக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இருந்தவர்கள் ஒவ்வொரு பாகமாக உள்நாட்டில் செய்யவோ வாங்கவோ வேண்டிய நிலை. 1957-58-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் பிடி இன்னும் இறுகியது. அமெரிக்காவிலிருந்து கார்ட்டரை வரவழைக்க டாலர் வேண்டும். ஆனால் சோலெக்ஸ் உரிமத்தில் நம் சென்னையிலேயே கார்புரேட்டர்ஸ் லிமிடெட் கார்புரேட்டர் செய்தது. அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று இந்தியச் சாலையில் சோலெக்ஸ் பரவியது இப்படித்தான்.

ஆக என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மாமா ஜீப்பின் பானட்டுக்குள் இருந்த பெயர், ஒரு நாட்டின் டாலர் பற்றாக்குறை எழுதிய பெயர். இதே சென்னைக் கம்பெனி 1985-ல் மிகுனியோடு சேர்ந்து தொடங்கிய யூகால், மறைமலை நகரில் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தது. சோலெக்ஸ் ஜப்பான் சுற்றிவிட்டு மறுபடி நம்மூருக்கே வந்தது என்று சொல்லலாம்.

மாற்றுவது எப்படி?

மெக்கானிக் அண்ணன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'கிட்' வாங்கிப் போட்டு பேக்கிங், ஊசி, டயஃப்ரம் எல்லாம் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். அவர் த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. "இதுல தேய்மானம் தம்பி. இந்த ஓட்டை வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. கிட்டு போட்டா இது அடையாது" என்றார். தேய்மானம்! பத்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் எனக்குத் தெரிந்த சொல், முதல் முறையாகக் கையில் ஆடியது.

பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் இணைப்பு, சோக் கம்பி, ஏர் ஃபில்டர் குழாய், பிறகு அடியில் இரண்டு நட்டு. அவ்வளவுதான், கையோடு வந்துவிட்டது. பழைய பேக்கிங்கைச் சுரண்டி முகத்தைச் சமமாக்கினார். புது பேக்கிங், புது கார்புரேட்டர். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரே பக்கம் முறுக்கினால் அடிப்பாகம் வளைந்து மறுபடி காற்று புகும். பழைய ரப்பர் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊறிப் பிசுபிசுப்பு. 2025-ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அதற்கென்று செய்யாத பழைய ரப்பருக்கு அது ஆகாது. குழாயையும் மாற்றி, வழியில் ஒரு ஃபில்டரையும் வைத்தார்.

ஐடில் ஸ்க்ரூவை மெதுவாக முழுசும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் கசிகிறதா என்று ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். இதைத் தவறவிட்டால் வண்டியே எரியலாம். ஸ்டார்ட் ஆனது. கூடவே கரும்புகை! என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் சிரித்தார். மிதவையின் உயரம் அதிகம். திறந்து நாக்கைக் கொஞ்சம் வளைத்தார். புகை நின்றது. கடைசி டியூனிங்கைப் போடியில் செய்யவில்லை. ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்திச் செய்தார். கீழே சரியாக வைத்தால் மேலே திணறும், நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கும் என்றார். வெஞ்சூரி இதைக் கேட்டிருந்தால் கை கொடுத்திருப்பார்.

கணக்கில் வராத செலவு

கார்ட்டர் என்ன ஆனது? அமெரிக்காவில் 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு கார்புரேட்டரின் தலையில் ஒயர், வேக்குவம் குழாய், சின்ன மோட்டார் எல்லாம் ஏற்றினார்கள். 1980-களின் ஜீப்புகளில் இருந்த கார்ட்டர் பி.பி.டி.யைக் கழற்றி எறிந்து வெபர் மாட்டுவது அங்கே ஒரு சடங்காகவே ஆனது. 1991-ன் கிராண்ட் வேகனியரோடு ஜீப்பில் கார்புரேட்டர் முடிந்தது. நம் ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததோடு புது பைக்குகளிலிருந்தும் போயிற்று.

செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த கார்ட்டர் தொழிற்சாலை 1984-ல் மூடப்பட்டது. மூடிய பிறகுதான் தெரிந்தது, வார்ப்பு இயந்திரங்களின் எண்ணெயிலிருந்து பி.சி.பி. என்ற நச்சு கட்டடத்திலும் மண்ணிலும் ஊறியிருந்தது. எதிரே சிறுவர்கள் விளையாடும் ஒரு மன்றம். சுத்தம் செய்வதற்கான பெரிய ஒப்பந்தம் போட்டது 2013-ல். நடுவில் 29 வருடம்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளின் அடக்கவிலை என்றால் மூலப்பொருள், கூலி, இதர செலவு என்று எழுதுவோம். எதிர்வீட்டுக் குழந்தை சுவாசிக்கும் தூசியை எந்தப் பத்தியில் எழுதுவது? எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஜீப்பை நான் ரசிக்கிறேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரசிக்கிற பொருளின் முழு விலையையும் தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மாமாவின் ஜீப் இப்போது இருமாமல் ஏறுகிறது. டீசல் பேச்சு அடங்கிவிட்டது. இருக்கிற வண்டியையே சரிசெய்து ஓட்டினால், புதிதாக ஒன்று வார்க்க வேண்டாம் என்பதும் ஒரு கணக்குதானே? பழைய சோலெக்ஸைத் தூக்கிப் போடப் போனேன். மாமா விடவில்லை. "இருக்கட்டும் மாப்ளே, நாற்பது வருஷம் மூச்சு விட்டிருக்கு" என்று துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய வண்டி ஏதாவது இருந்தால், பானட்டைத் தூக்கி என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம், தேர்வில் பாஸானால் :-)